புதுப்பிப்பு: கடித்த காலணி இணங்கிவிட்டது, பிளேடு இன்னும் இணங்கவில்லை

புதிய ஃபிகர் ஸ்கேட்டிங் (பனிச்சறுக்கு நடனம்) காலணி கணுக்காலைக் கடிக்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். ஈரக் காலுறையோடு போட்டு நடந்து தோலை இளக்கலாம் என்று யோசனை சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. விடுமுறைக்குப் பாளையங்கோட்டை வந்ததிலிருந்து, பிளேடுக்கு உறை மாட்டி, மேல் கொக்கிகளில் கயிறு கோக்காமல், தினமும் அரை மணி நேரம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். சிவப்புச் சிமெண்டுத் தரையில் டக் டக்கென்ற சத்தம் கேட்டு ஆச்சி முதலில் பதறினார். இப்போது அவரே நேரம் பார்த்துச் சொல்கிறார். காலணியின் தோல் இப்போது கணுக்கால் பக்கம் நன்றாக மடிந்து கொடுக்கிறது.

பிளேடுதான் கவலை. பிளேடின் அடிப்பக்கம் முன்னிருந்து பின்வரை லேசாக வளைந்திருக்கும்; பழையதில் அந்த வளைவின் ஆரம் 8 அடி, புதியதில் 7 அடி, அதாவது வளைவு கூடுதல். திருப்பங்கள் எளிதாகின்றன, ஆனால் நேராகச் சறுக்கினால் உடல் முன்னும் பின்னும் ஆடுகிறது. தரையில் நடந்து இதைப் பழக முடியாது. பனித்தளத்துக்குத் திரும்பியதும் முதல் வாரம் தாவல்களே கிடையாது, பிளேடின் உள், வெளி விளிம்புகளில் சாய்ந்து சறுக்கும் விளிம்புப் பயிற்சி மட்டும்தான்.