அம்மாவோட சிசிலி, புலியா போறேன், எந்த ஆப் போடலாம்?

சுங்கை சிப்புட் பையன்:
வணக்கம். அடுத்த மாசம் அம்மாவ கூட்டிட்டு தெற்கு இத்தாலில சிசிலி, புலியா மாநிலங்களுக்கு போறேன், முப்பது வருஷம் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க, இதான் முதல் பிளைட். டூர் குரூப் வேணாம்னுட்டாங்க. கைடு ஆப் மட்டும் வச்சி சுத்த முடியுமா, லைன் இல்லன்னா என்ன பண்றது?

பீடோர் அக்கா:
தாராளமா முடியும் தம்பி. ஓர்கானிக் மேப்ஸ்னு ஒரு ஆப் போட்டு வீட்டு வைஃபைலயே மேப் இறக்கிடுங்க, லைன் இல்லாமலே நடக்குற வழி காட்டும். கூகல் மேப்ஸ் ஆஃப்லைன்ல கார் வழி மட்டும்தான். மத்தேரா ஊரு குகை வீடுங்க பாக்கணும்னா அது புலியால இல்ல, பக்கத்து பசிலிகாத்தா மாநிலத்துல, அந்த மேப்பும் வேணும். ஒண்ணு சொல்றேன், போன்ல ரெண்டு விரக்கடை தூரம்னு தெரியும், நேர்ல பாத்தா வழுவழுன்னு தேஞ்ச கல்லுப்படி மேல மேல போவுது, அம்மா முட்டிய நெனச்சி பிளான் பண்ணுங்க.

தாப்பா ரமணி:
சிசிலில அக்ரிஜெந்தோங்கற ஊர்ல கொன்கோர்தியான்னு பழைய கிரேக்க கோயில், கி.மு. 5-ஆம் நூற்றாண்டு, தூணெல்லாம் இன்னும் அப்படியே நிக்குது. அங்க நின்னு ஆடியோ கைட தொறந்தா டவுன்லோட் பண்ணுன்னு கேக்குது, லைன் இல்ல, வெயில்ல அழுகையே வந்துடுச்சி. முதல் நாளே இறக்கி ஏரோப்ளேன் மோட்ல டெஸ்ட் பண்ணிடுங்க.

பீடோர் அக்கா:
கார் எடுத்தா பழைய டவுன்ல இசட்டிஎல் (பெர்மிட் இல்லாத கார் போகக்கூடாத இடம்) போர்டு பாத்தா உள்ள போகாம வெளியவே நிறுத்துங்க, கேமரா புடிச்சா சம்மன் வீட்டுக்கே வரும்.

சுங்கை சிப்புட் பையன்:
ரொம்ப நன்றிக்கா, இன்னிக்கே மூணு மேப்பும் இறக்கிடுறேன். அம்மாவுக்கு நல்ல சப்பாத்து வாங்கணும்.