பொருள்: மட்டுச் சார்பின் வரைபில் கோடு திரும்பும் இடத்துக்கு ஒரு பெயர்

அன்பு நண்பர்களுக்கு,

கணிதப் பாடத்துக்கு நாம் வழங்கும் சொற்களில் மட்டு (எண்ணின் குறியை விட்ட அளவு; |−3| = 3), சமனிலி (≤, ≥ கொண்ட கூற்று), சார்பு, வரைபு ஆகியவற்றில் நமக்குள் பிணக்கில்லை. கோடு எவ்வளவு சரிவாக ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்ற அளவைக் கிளிநொச்சியில் நாங்கள் படித்திறன் என்கிறோம், அதை மதுரையில் சாய்வு என்பீர்கள், இரண்டும் வாழட்டும். பெயரில்லாமல் கிடப்பது ர = |ய| என்ற வரைபில் இரு கோடுகளும் சேரும் இடந்தான். (ய கிடையச்சில், ர நிலைக்குத்தச்சில்.)

மதுரை ஐயா 'உச்சி' போதும் என்கிறார். ர = ய² போன்ற பரவளைவுக்கு அது பொருந்தும். ஐயா, பரவளைவு அங்கே மெல்ல வளைந்து, படித்திறன் பூச்சியமாகித்தான் திரும்புகிறது. நம்முடைய வரைபிலோ படித்திறன் −1 இலிருந்து +1 க்குத் தாவுகிறது. அந்த இடத்தில் வகையீடே கிடையாது, அதாவது ஒரே படித்திறன் என்று சொல்ல எதுவும் இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால் உயர்தர வகுப்பில் பிள்ளை தடுமாறும். 'திரும்பற் புள்ளி'யும் இதே காரணத்தால் ஆகாது.

'முறிவுப் புள்ளி'யை முற்றாக எதிர்க்கிறேன். முறிந்தது என்றால் துண்டாகிவிட்டது என்று பொருள். இங்கே பென்சில் தாளைவிட்டு எழும்புவதே இல்லை.

என் பரிந்துரை மடிபுள்ளி. வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. ர = |ய − 3| ஐ வரையும்போது முதலில் ர = ய − 3 என்ற நேர்கோட்டை வரைந்து, கிடையச்சுக்குக் கீழே போன துண்டை மேலே மடிக்கச் சொல்கிறேன். பிள்ளைகள் வரைபுத்தாளையே அச்சு வழியே மடித்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மறுபுறம் தெரியும் கோட்டைப் பிரதிசெய்கிறார்கள். கோடு மடிந்த இடம் (3, 0).

ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலைப் பூச்சியமாக வைத்தும் காட்டலாம். தெற்கே மாங்குளப் பக்கம் மறை (−), வடக்கே கிளிநொச்சிப் பக்கம் நேர் (+). வடக்கே வரும் பஸ்ஸுக்குக் கோவிலிலிருந்து உள்ள தூரம் 3, 2, 1, 0, 1, 2, 3. தேங்காய் உடைக்க பஸ் தரித்து நின்றாலும் வரைபு மாறாது; கிடையச்சில் இருப்பது இடம், நேரமன்று. 'கோவிலுக்கு 3 கிலோமீட்டருக்குள்' என்றால் |ய| ≤ 3, அதாவது −3 ≤ ய ≤ 3. சமனிலியும் கூடவே வந்துவிடுகிறது.

ஒரு மறுப்பு வரும். ர = |ய − 1| + |ய − 4| இல் எதையும் மேலே மடிக்கவில்லையே? உண்மை. படித்திறன் −2, 0, 2 என மாறுகிறது. 1 க்கும் 4 க்கும் இடையே ர எப்போதும் 3. ஆனாலும் கம்பியை இரண்டு இடத்தில் மடித்தது போலத்தான் அந்த வரைபு நிற்கிறது. (1, 3), (4, 3) ஆகிய இரண்டும் மடிபுள்ளிகளே.

'கூர்ப்புள்ளி'யை இதற்குச் செலவழிக்க வேண்டாம். இருபுறத்துத் தொடலிகளும் (வளையியைத் தொட்டுச் செல்லும் கோடுகளும்) ஒரே நிலைக்குத்துக் கோடாக ஒன்றிவிடும் வேறு வகை வளையிகளுக்கு அது தேவைப்படும்.

ர ≥ |ய| என்பதற்குப் பொருந்தும் பகுதியைப் பிள்ளைகள் நிழற்றும்போது, பழக்கத்தில் (0, 0) ஐயே சோதனைப் புள்ளியாக எடுக்கிறார்கள். அதுவோ எல்லையிலேயே கிடக்கிறது. எந்தப் பக்கத்தை நிழற்றுவது என்று அது சொல்லாது. "மடிபுள்ளியை எடுக்காதே, (0, 1) ஐ எடு" என்று இப்போது ஒரே வரியில் சொல்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள். அடுத்த தவணைப் பயிற்சித்தாளில் அதையே போடுகிறேன்.