கையைத் தூக்குவது எந்தத் தசை? தோள்பட்டைப் பயிற்சி செய்தவர்கள் எழுதுங்கள்

வலது தோளில் சுப்ராஸ்பைனேட்டஸ் (தோள்பட்டை எலும்பின் மேல்புறம் இருந்து, கையைத் தூக்க உதவும் சிறிய தசை) தசைநாண் பாதியளவு கிழிந்திருப்பது எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி செய்தால் போதும் என்றார் டாக்டர். பிசியோதெரபியில் ஒருநாள் தோல்மேல் எலக்ட்ரோடு ஒட்டி, தசைகள் வேலை செய்யும்போது எழும் மின்சமிக்ஞையை இ.எம்.ஜி. திரையில் காட்டினார்கள். அதைச் சொல்லத்தான் இதைத் தொடங்கினேன்.

கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னார் பிசியோ. கை அசைவதற்கு முன்பே கழுத்திலிருந்து நடுமுதுகு வரை விரியும் டிரப்பீசியஸ் தசையின் மேல்பகுதிக்கான கோடு எகிறிவிட்டது. எதிரே கண்ணாடியில் என் தோள், காதைத் தொடப் போவது போல ஏறியிருந்தது. அவர் என் தோள்பட்டை எலும்பின் கீழ்நுனியில் இரண்டு விரலை வைத்து, "இந்த நுனி வெளிப்பக்கமா நகரணும். கழுத்தைத் தளர விட்டுடுங்க" என்றார். மறுபடி தூக்கினேன். மேல் கோடு தணிந்தது. டிரப்பீசியஸின் கீழ்ப்பகுதி, விலாவோரத்து செரட்டஸ் ஆன்டீரியர் தசை இரண்டின் கோடுகளும் எழும்பின. கை போன உயரம் என்னவோ அதேதான். ஆனால் அன்று இரவு கழுத்துப் பிடிப்பு இல்லை. வலியோடு மாதக்கணக்கில் இருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

---

நான் பிசியோதெரபிஸ்ட். நீங்கள் பார்த்ததை நோயாளிகளிடம் தினமும் பார்க்கிறேன், விரல் வைத்தாலே தெரியும். கையை முழுதாக மேலே தூக்கும்போது, தோள் மூட்டில் ஏறக்குறைய இரண்டு பங்கு அசைவு என்றால் தோள்பட்டை எலும்பு ஒரு பங்கு சுழல வேண்டும். 1944-லேயே இன்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் எழுதிய கணக்கு இது. எலும்பு சுழலாவிட்டால் கழுத்துத் தசை அந்த வேலையை இழுத்துப்போட்டுக்கொள்ளும்.

ஒன்று கவனியுங்கள். சுப்ராஸ்பைனேட்டஸ், டிரப்பீசியஸுக்கு அடியில் இருக்கிறது. தோல்மேல் ஒட்டும் எலக்ட்ரோடு அதைத் தனியாகப் படிக்காது. ஆய்வுகளில் மெல்லிய கம்பியை ஊசி வழியாகத் தசைக்குள் செலுத்தித்தான் அளக்கிறார்கள்.

பக்கவாட்டில் படுத்து, முழங்கையை விலாவோடு வைத்து, முன்கையை மட்டும் மேலே திருப்பும் பயிற்சியை விடாதீர்கள். 2004-ல் ரெய்னால்டு என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒப்பிட்ட பயிற்சிகளில், கையை வெளிப்பக்கம் திருப்பும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் தசை அதிகம் உழைத்தது இதில்தான்: தசையின் அதிகபட்ச முயற்சியில் சுமார் 62 சதவீதம். முழங்கைக்கும் உடம்புக்கும் நடுவே சுருட்டிய டவல் வைத்தால் கை நிலை மாறாது. எடையை ஏற்றினால் சீக்கிரம் குணமாகும் என்று நினைக்க வேண்டாம். எடை கூடினால் தோளை மூடியிருக்கும் பெரிய டெல்டாய்டு தசை முந்திக்கொண்டு வரும். கட்டைவிரல் மேலே பார்க்கக் கையைத் தூக்குங்கள். கீழே பார்க்கத் தூக்கினால் டெல்டாய்டுக்குத்தான் வேலை கூடுகிறது.

---

எனக்கு ரொட்டேட்டர் கஃப் (சுப்ராஸ்பைனேட்டஸ் உட்பட, தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைகளின் தசைநாண்கள்) கிழிந்து தைத்திருக்கிறார்கள், கை இன்னும் ஸ்லிங்கில். மேலே சொன்னதெல்லாம் எனக்கு நேர் எதிர்: தைத்த தசை இப்போது உழைக்கவே கூடாதாம். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டும் பெண்டுலம் பயிற்சியில், இடுப்பை அசைத்து அந்த அசைவில் கை தானாக ஆட வேண்டும் என்கிறார்கள். கையைத் தளரவிடுவதுதான் எனக்குப் பெரும்பாடு. தொங்கும்போது தோள் தானாகவே இறுகிக்கொள்கிறது. பெரிய வட்டம் போடலாமா அக்கா?

---

வேண்டாம் தம்பி, சின்ன வட்டமே போடுங்கள். வட்டம் பெரிதானால் சுப்ராஸ்பைனேட்டஸ் விழித்துக்கொள்கிறது என்று இ.எம்.ஜி.யில் அளந்தே சொல்லியிருக்கிறார்கள். இறுக்கம் வந்தால் ஆட்டத்தை நிறுத்தி, மூச்சை நீளமாக விட்டு, விரல்கள் கனமாகத் தொங்குவதை உணர்ந்த பிறகு தொடருங்கள். அப்படியும் தளரவில்லை என்றால் மல்லாந்து படுத்து, நல்ல கையால் மற்றக் கையைத் தாங்கித் தூக்கும் பயிற்சிக்கு மாறலாமா என்று உங்கள் சர்ஜனிடம் கேளுங்கள். தையலின் பலம் அவருக்குத்தான் தெரியும்.