புதுப்பிப்பு: மனுவும் பொது வாக்கெடுப்பும்
எங்கள் இணைய விளையாட்டுக் குடியரசில் குடிமக்கள் மனு பொது வாக்கெடுப்புக்குச் செல்ல எத்தனை கையொப்பங்கள் தேவை என்று முன்பு கேட்டிருந்தேன். சுவிட்சர்லாந்தில் அரசமைப்புத் திருத்த முன்மொழிவுக்கு 18 மாதங்களில் 100,000 கையொப்பங்கள் திரட்டப்பட வேண்டும் என்றாலும், கைவிடப்பட்ட கணக்குகள் குவிந்துகிடக்கும் எங்களுக்கு நிலையான எண்ணிக்கை பொருந்தாது என்பதால், கடந்த 30 நாள்களில் உள்நுழைந்தவர்களில் பத்தில் ஒரு பங்கினர் ஒப்பமிட்டால் போதும் என முடிவாகியுள்ளது.

கடும் விவாதம் வாக்குச்சீட்டின் வாசகத்தைப் பற்றியே எழுந்தது. 1962 செப்டம்பர் 1ஆம் தேதி இங்கு சிங்கப்பூரில் நடந்த வாக்கெடுப்பில் மூன்று தெரிவுகளுமே மலேசியாவுடனான இணைப்பின் நிபந்தனைகளைப் பற்றியவை. இணைப்பை மறுக்கும் தெரிவு சீட்டில் இல்லை; ஏறத்தாழ 25 விழுக்காடு வெற்றுச் சீட்டுகளாக விழுந்தன. ஆகவே எங்கள் சீட்டில் ‘வேண்டாம்’ என்ற தெரிவு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வெற்று வாக்குகளைத் தனியே அறிவிப்பதா என்பது மட்டும் நிலுவையில் உள்ளது. அறிவிக்க வேண்டும் என்பதே என் கருத்து.