இரும்புச்சத்து மாத்திரை: தினம் இரண்டா, ஒன்றுவிட்டு ஒருநாள் ஒன்றா?

கிளினிக்_பயிற்சி கேட்டது:
34 வயதுப் பெண். ஹீமோகுளோபின் 8.9, எம்.சி.வி. (சிவப்பணுக்களின் சராசரி அளவு) 68, ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் புரதம்) 6. மாதவிடாய் ஏழு நாள், போக்கு அதிகம். கர்ப்பம் இல்லை. 100 மி.கி. இரும்புள்ள ஃபெரஸ் அஸ்கார்பேட் காலை ஒன்று, இரவு ஒன்று எழுதப்பட்டிருந்தது. குமட்டலும் மலச்சிக்கலும் தாங்காமல் இரண்டே வாரத்தில் நிறுத்திவிட்டார். ஒன்றுவிட்டு ஒருநாள் ஒரு மாத்திரை போதும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு உறுதி? கூடவே வைட்டமின் சி கொடுக்க வேண்டுமா?

ஊர்_மருத்துவர்:
முதலில் அந்த இரவு மாத்திரையை எடுத்துவிடுங்கள். 60 மி.கி. அல்லது அதற்கு மேல் இரும்பு உள்ளே போனால், கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி ஏறத்தாழ ஒருநாள் அப்படியே நிற்கும். குடல் செல்லிலிருந்து இரும்பு ரத்தத்துக்குப் போகிற வாசலை அது அடைத்துவிடும். காலையில் போட்ட மாத்திரை அடைத்த வாசலில் இரவு மாத்திரை போய் நிற்கும். உறிஞ்சப்படாத இரும்பு பெருங்குடலுக்கு இறங்கும். மலச்சிக்கலுக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

சூரிக் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டது: இரும்பு இருப்பு குறைந்த, ஆனால் ரத்தசோகை வராத பெண்கள். 60 மி.கி. தினமும் கொடுத்தபோது 16.3 சதவீதம் உறிஞ்சப்பட்டது, ஒன்றுவிட்டு ஒருநாள் கொடுத்தபோது 21.8. ரத்தசோகை உள்ள பெண்களுக்கு 100, 200 மி.கி. கொடுத்துப் பார்த்த 2020 ஆய்வும் அதே பக்கம்தான் சாய்ந்தது.

ஆனால் இவை அளந்தது உறிஞ்சலை. சேர்த்துக்கொண்டவர்களும் குறைவு. ஹீமோகுளோபின் வேகமாக ஏறுகிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு மாத்திரை போட்டால் அதிலிருந்து கூடுதலாக ஏறும் என்பது உண்மை, ஆனால் போடும் மாத்திரையே பாதியாகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். பிரிட்டிஷ் இரைப்பை-குடல் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல் தினம் ஒருவேளை என்றே தொடங்குகிறது. தாங்காதவர்களுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள். இவர் தாங்க முடியாமல் நிறுத்தியவர், ஆகவே ஒன்றுவிட்டு ஒருநாள் 100 மி.கி. கொடுங்கள், நான்காவது வாரம் ஹீமோகுளோபின் பாருங்கள்.

மருந்துக்கடை_மேசை:
பட்டையின் பின்புறம் படிக்காமல் கணக்குப் போடாதீர்கள். உலர் ஃபெரஸ் சல்பேட் 200 மி.கி. என்றால் உள்ளே இருக்கும் இரும்பு 65 மி.கி.தான். ஃபெரஸ் குளுக்கோனேட் 300-இல் சுமார் 35. ஃபெரஸ் அஸ்கார்பேட் பட்டையில் பெரும்பாலும் இரும்பின் அளவையே நேராகப் போட்டிருப்பார்கள். உப்பின் எடையையும் இரும்பின் எடையையும் குழப்பினால் மருந்தளவே மாறிவிடும்.

வைட்டமின் சி தனியாக வேண்டாம். சீனாவில் 440 பேரிடம் செய்து 2020-இல் வந்த சோதனையில், இரும்பு மட்டும் எடுத்தவர்களுக்கும் வைட்டமின் சி சேர்த்து எடுத்தவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஒரே மாதிரி ஏறியது. அந்தக் காசு மிச்சம்.

காலைக் காப்பிதான் பெரிய எதிரி. மாத்திரையைக் காலையில் தண்ணீரோடு வெறும் வயிற்றில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி, டீ, பால் எதுவானாலும் குடிக்கட்டும். கால்சியம் மாத்திரையை இரவுக்குத் தள்ளுங்கள். தைராக்சின் எடுப்பவர் என்றால் நாலு மணி நேர இடைவெளி. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையை நாள்பட போடுகிறாரா என்றும் கேளுங்கள். வயிற்றில் அமிலம் குறைந்தால் உறிஞ்சலும் குறையும்.

ஒற்றைப்படைத் தேதி என்று சொல்லிவிட்டால் 31-ம் தேதியும் மறுநாள் 1-ம் தேதியும் அடுத்தடுத்து வரும். திங்கள், புதன், வெள்ளி என்று சொல்லுங்கள், தினசரி காலண்டர் தாளிலேயே அன்றன்றைக்கு ஒரு கோடு போடட்டும். மலம் கறுப்பாகப் போகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்; சொல்லாவிட்டால் பயந்துபோய் நிறுத்துவார்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மாத்திரை கைக்கு எட்டக் கூடாது. மிட்டாய் என்று நினைத்து நாலைந்து விழுங்கினாலே ஆபத்து.

கிளினிக்_பயிற்சி:
நன்றி. மாத்திரையே வேண்டாம், முருங்கைக்கீரையும் பேரீச்சையும் சாப்பிட்டுச் சரிசெய்துகொள்கிறேன் என்கிறார். என்ன பதில் சொல்வது?

கிராமச்_செவிலி:
சாப்பிடட்டும், தடுக்காதீர்கள். ஆனால் கீரையில் இருக்கும் இரும்பு கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும். 8.9-ஐ அது தூக்காது.

கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள். அரசுத் திட்டத்தில் அவர்களுக்கு இரண்டாவது மூன்று மாதம் தொடங்கி 180 நாள், தினமும் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரை. அதைக் குறைக்கக் கூடாது.

ஊர்_மருத்துவர்:
ஒன்று விட்டுப்போனது. ரத்தம் போய்க்கொண்டே இருந்தால் எந்த அட்டவணையும் எட்டிப் பிடிக்காது. ரத்தக்கட்டி வரலாறு இல்லையென்றால், போக்கு அதிகமான நாட்களில் ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் மூன்று வேளை, நாலு நாள் வரை. கூடவே கர்ப்பப்பை ஸ்கேன். இதே ரிப்போர்ட்டோடு ஓர் ஆணோ மாதவிடாய் நின்றவரோ வந்தால், மாத்திரை தொடங்கிய கையோடு இரைப்பை, பெருங்குடல் எண்டோஸ்கோப்பிக்கு அனுப்ப வேண்டும்.

நாலு வாரத்தில் 1 கிராமாவது ஏறவில்லை என்றால், மாத்திரையை உண்மையில் போடுகிறாரா என்று முதலில் கேளுங்கள். போட்டும் ஏறவில்லை என்றால் எச்.பி.ஏ.2 ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கடத்தியாக இருந்து இரும்புக் குறைவும் சேர்ந்திருக்கலாம். குடல் உறிஞ்சாத நோய்களையும் பாருங்கள், நரம்பு வழி இரும்பைப் பற்றி அப்போது யோசிக்கலாம். ஏறினால், ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடரச் சொல்லுங்கள். ஃபெரிட்டினை மறுபடி பார்க்கும்போது காய்ச்சல், சளி இல்லாத வாரமாகப் பாருங்கள். அழற்சி இருந்தால் அது பொய்யாக உயர்ந்து காட்டும்.