ஒரே இலங்கை நாட்டுத் தமிழர், வடக்கில் துவக்கு (துப்பாக்கி), மலையகத்தில் தொழிற்சங்கம்: ஏன்?

பேட்டைக்காரி:
ஞாயிற்றுக்கிழமைகளில் கங்கைகொண்டான் இலங்கை அகதிகள் முகாமில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். போன வாரம் ஒரு ஆச்சி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, அதை நக்கி நக்கி வெறும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பிறந்தது இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், வாக்கப்பட்டது மன்னாரில். "இந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்குப் போன எங்க ஆளுகளுக்கு 1948லயே பிரஜாவுரிமை இல்லாமப் பண்ணிட்டாங்க. இருந்தும் நாங்க துவக்குத் தூக்கல. படிச்ச யாழ்ப்பாணத்துப் பிள்ளைகதான் தூக்குச்சு" என்றார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. மொழி ஒன்று, அரசு ஒன்று, அதிகம் இழந்தவர்கள் அமைதியாகவே போராடியிருக்கிறார்கள். சிலர் அது அந்தந்த மக்களின் சுபாவம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லிடைக்குறிச்சி வாத்தியார்:
சுபாவமே இல்லை தாயி. வடக்கிலும் எடுத்த எடுப்பில் யாரும் ஆயுதம் தூக்கவில்லை. 1956ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தபோது தமிழர் தலைவர் செல்வநாயகமும் அவர் கட்சிக்காரர்களும் கொழும்புக் காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகம்தான் இருந்தார்கள். குண்டர்கள் அடித்துத் துரத்தினார்கள். 1957ல் பிரதமர் பண்டாரநாயக்காவோடு ஒப்பந்தம் போட்டார்கள், அடுத்த வருடமே பிக்குகள் அவர் வீட்டு முன்னால் வந்து உட்கார்ந்ததும் அவர் அதைக் கைவிட்டார். 1961ல் கச்சேரி (மாவட்ட அரசு அலுவலகம்) வாசல்களில் மறியல், ராணுவம் வந்தது. 1965ல் பிரதமர் டட்லி சேனநாயக்காவோடு இன்னொரு ஒப்பந்தம், அதுவும் நிறைவேறவில்லை. அப்புறம் எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தரப்படுத்தல், அதாவது தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கூடுதல் மார்க் வரம்பு. நான் நாற்பது வருடம் வகுப்பில் நின்றவன், அதனால் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. சிங்களப் பையனைவிடக் கூடுதல் மார்க் வாங்கியும் இடமில்லை என்றால், இருபது வயதுப் பையனிடம் போய் "பொறு, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்று யார் சொல்வது? சொல்ல வந்த பெரியவர்கள் கையில் காட்டுவதற்கு என்ன இருந்தது? நம் பக்கத்துக் கதையையே பாருங்கள், கப்பல் விட்ட வ.உ.சி.யை 1908ல் சிறையில் போட்டுச் செக்கிழுக்க வைத்தார்கள், அந்த வழி அடைபட்ட பிறகு 1911ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் துரை சுடப்பட்டார்.

மணிமுத்தாறு:
சார்வாள் சொல்வது பாதிதான். ஏமாற்றம் மட்டும் காரணம் என்றால் மலையகம்தான் முதலில் வெடித்திருக்க வேண்டும். 1964ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்களே, அந்த மக்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

எங்கள் வீட்டில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்தவர்கள் உண்டு, அதனால் ஒன்று தெரியும். கொழுந்து காத்திருக்காது. வாரம் பத்து நாளுக்குள் பறிக்காவிட்டால் முற்றிப்போகும், அந்த இலையில் நல்ல தூள் வராது. இலங்கைக்கு அன்று வெளிநாட்டுப் பணம் கொண்டுவந்ததில் பெரும்பங்கு தேயிலை. ஆக, ஓட்டுரிமை போன பிறகும் அந்தப் பெண்களின் விரல் அரசை அசைக்கும் பலத்தோடு இருந்தது. மலையகத் தலைவர் தொண்டமானின் தொழிற்சங்கம் அதைத்தான் பிடித்துக்கொண்டது. தனிநாட்டுக் கோரிக்கையிலிருந்து விலகி நின்றார், 1978ல் அமைச்சரானார், 1986 ஜனவரியில் காலையில் வேலைக்கு இறங்காமல் பிரார்த்தனைப் போராட்டம் நடந்தது, குடியுரிமைச் சிக்கல் கடைசியாக 2003 சட்டத்தில் போய்த்தான் தீர்ந்தது. ஐம்பத்தைந்து வருடம்! மெதுவான வழி, ஆனால் அடைபடாத வழி.

இன்னொன்று, துவக்கைத் தூக்கியிருந்தாலும் அங்கே ஒளிய இடமில்லை. சுற்றிலும் சிங்கள ஊர்கள், நடுவில் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்). வடக்குக்குக் கடல் இருந்தது, படகு இருந்தது, 1983க்குப் பிறகு இந்தியாவில் பயிற்சியும் கிடைத்தது. செர்பியாவின் கீழிருந்த கொசோவோவிலும் இதே மாதிரிதான். அங்குள்ள அல்பேனியர்களின் தலைவர் ருகோவா வருடக்கணக்கில் அமைதி வழியில் நின்றார், போஸ்னியப் போரை முடித்த 1995 டேட்டன் உடன்படிக்கையில் கொசோவோவைச் சேர்க்கவே இல்லை. 1997ல் பக்கத்து அல்பேனியாவில் அரசு குலைந்து ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன, அங்கிருந்து துப்பாக்கி எல்லை தாண்டி வந்தது. மனக்கசப்பு முன்பே இருந்தது, வழியும் ஆயுதமும் பிறகுதான் சேர்ந்தன.

கேம்ப் பேத்தி:
அண்ணாச்சி, நீங்கள் சொன்னதற்கு எங்கள் குடும்பமே சாட்சி. நாங்களும் தோட்டத்து ஆட்கள்தான். 1977 கலவரத்தில் லயத்தை விட்டு ஓடி, கிளிநொச்சிப் பக்கம் காட்டை வெட்டிக் குடியிருந்தார்கள். அப்படிப் போனவர்கள் நிறையப் பேர். அங்கே வளர்ந்த என் மாமா ஆயுத இயக்கத்தில் சேர்ந்தார், திரும்பி வரவில்லை. தோட்டத்திலேயே தங்கிவிட்ட அவருடைய அண்ணன் கடைசிவரை சங்கத்துக்குச் சந்தா கட்டினார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஆனால் ஒரு சமூகம் ஆயுதத்தை "தேர்ந்தெடுத்தது" என்று எழுதும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அம்மம்மாவிடம் யார் கேட்டார்கள்? 1977ல் அவர்கள் பக்கத்து மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் தமிழர் விடுதலைக் கூட்டணியை எதிர்க்கட்சியாக்கினார்கள். 1983ல் தனிநாடு கேட்பதைத் தடைசெய்யும் ஆறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து அந்த எம்.பி.க்களை நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றியது, 1989ல் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்தை விடுதலைப் புலிகளே சுட்டார்கள், அடுத்த வருடம் வடக்கிலிருந்த முஸ்லிம்களை விரட்டினார்கள். ஒரு பக்கத்துக் கதவை அரசு அடைத்தது, மறுபக்கத்துக் கதவை எங்கள் ஆட்களே அடைத்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கல்லிடைக்குறிச்சி வாத்தியார்:
சரி தாயி, நான் சொன்னதில் அது விட்டுப்போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். கதவு திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு மிசோரம் பாருங்கள். 1966ல் கலகத்தை அடக்க, அதன் தலைநகர் ஐஸ்வால் மேல் நம் விமானப்படையே குண்டு போட்டது. 1986ல் ஒப்பந்தம், மறுவருடம் தனி மாநிலம், கலகம் நடத்திய லால்டெங்காவே முதலமைச்சர். கையெழுத்துப் போட்டதை டெல்லி நிறைவேற்றியது, அவர்களும் துப்பாக்கியைத் திரும்ப எடுக்கவில்லை.

பேட்டைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. தங்கச்சி, நீங்கள் எழுதியதை ஆச்சிக்குப் படித்துக்காட்டலாமா? வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன். 1957 ஒப்பந்தத்தின் வாசகம் தமிழில் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், பெரிய பிள்ளைகளுக்கு அதை வைத்துத்தான் அடுத்த வாரம் பாடம் எடுக்க வேண்டும்.