கலைச்சொல் வேண்டும்: புல்லைப் போல இருந்தும் புல் அல்லாதவை

காரைக்குடி, ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்மாய்க்கும் அதை ஒட்டிய மேய்க்கால் புறம்போக்குக்கும் கூட்டிப் போகிறேன். மேய்ச்சல் நிலப் புற்களை இனங்காணும் ஆங்கிலக் கையேடு ஒன்றைச் சுருக்கி, ஆளுக்கொரு தாள் கொடுக்கவேண்டும். வெள்ளி மதியத்துக்குள் ஜெராக்ஸ் கடைக்குப் போகவேண்டும். அருகு, கொழுக்கட்டைப்புல், ஊசிப்புல் வரை தடையில்லை. கோரைக் குடும்பத்தையும், பார்வைக்கு அதைப் போன்ற ஜங்கஸ் (Juncus) செடிகளின் குடும்பத்தையும் 'புல்லைப் போன்றவை' என்ற ஒரே தலைப்பில் கையேடு வைக்கிறது. அதற்கு ஒற்றைச் சொல் தேடுகிறேன். இப்போதைக்குப் 'புற்போலி' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

கானாடுகாத்தான்:

ஆத்தா, அந்தச் சொல் வேண்டாம். போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்றுதான் பிள்ளைகள் காதில் அது விழுகிறது. நாம் பிறந்ததும் படுத்ததும் கோரைப்பாயில். அந்தச் செடியைப் போலி என்று எழுதவைப்பதா?

தேவகோட்டை:

ஆச்சி கோபப்படவேண்டாம். முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று இலக்கணம் சொல்லும் போலியில் இழிவு இல்லை. 'போல்' என்பதன் வழி வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு வேறு தடை. தொல்காப்பிய மரபியல் புறக்காழ், அதாவது வெளியே வயிரம், உடையதைப் புல் என்றும் அகக்காழ், அதாவது உள்ளே வயிரம், உடையதை மரம் என்றும் பிரிக்கிறது. நம் வீடுகளையே பாருங்கள். வளவுத் தூணாக நிற்கும் பர்மாத் தேக்குக்கு வயிரம் உள்ளே. தொழுவத்துக் கூரையில் கிடக்கும் பனங்கைக்கு வயிரம் வெளியே, நடுவில் மெத்தென்ற சோறு. ஆக, பனையும் தென்னையும் மூங்கிலும் புல். கொட்டான் முடையும் ஓலைகூடப் புல்லின் உறுப்புத்தான். பனையே புல்லாகும்போது கோரையை எதற்காக வெளியே தள்ளவேண்டும்? தொல்காப்பியர் வகுத்த எல்லை இன்றைய 'ஒருவித்திலை'த் தாவர வகுப்புக்குப் பெரிதும் பொருந்துவதை யாரும் போதிய அளவு பேசுவதில்லை. 'காழ்' பற்றித் தனியே எழுதுகிறேன். காழ்ப்பு, காழ்த்தல் எல்லாம் அதன் கிளைகள்.

காரைக்குடி, ஆசிரியை:

ஐயா, தேக்கும் பனங்கையும் வகுப்பில் கட்டாயம் சொல்வேன். ஆனால் சனிக்கிழமை என் வேலையே புல்லையும் கோரையையும் பிரித்துக் காட்டுவதுதான். தண்டை விரலிடையில் உருட்டினால் புல் வழுக்கி உருளும், கணு தட்டும். கோரை மூன்று விளிம்பாக நெருடும், கணு தட்டாது. புல்லில் இலை இரண்டு வரிசை, கோரையில் மூன்று. புல்லின் இலையுறை பெரும்பாலும் ஒரு பக்கம் பிளந்திருக்கும். கோரையில் மூடிய குழாய். "புல்லுக்குக் கணு, கோரைக்குக் கோணம்" என்று எழுதிவைத்திருக்கிறேன். இரண்டும் ஒன்றென்றால் பிள்ளை எதை உருட்டிப் பார்க்கும்?

திருப்பத்தூர்:

நாற்பது வருடம் தாவரவியல் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கோணம் எல்லாக் கோரைக்கும் பொருந்தாது. எலியோகாரிஸ் கோரைக் குடும்பம்தான், தண்டு உருண்டை. ஆகவே 'பெரும்பாலும்' என்ற சொல்லைத் தாளில் சேருங்கள். ஜங்கஸ் நீலகிரி, பழனி மலைகளின் ஈரத்தரையில் உண்டு. உங்கள் கண்மாயில் தேடவேண்டாம்.

தலைப்பையே 'கோரையினம்' என்று வைத்துவிடலாம் என்று ஒருவர் எனக்குத் தனிமடல் போட்டார். ஊருணிக் கரையில் நிற்கும் சம்பங்கோரை கோரைக் குடும்பமே இல்லை, அது டைஃபா (Typha) என்ற வேறு குடும்பம். ஊர் வழக்கில் கோரை என்பது ஈரத்தில் நெடுக வளர்வதற்கெல்லாம் பெயர். அறிவியல் எல்லையை அதன்மேல் ஏற்றினால் வழக்கும் கெடும், எல்லையும் கெடும்.

புதுக்கோட்டை:

'புல்லினி' என்று வைத்தால் சுருக்கமாக இருக்குமே?

காரைக்குடி, ஆசிரியை:

அண்ணே, பாடநூலில் பூவின் வெளிவட்டம் 'புல்லிவட்டம்'. புல்லினி என்றால் பிள்ளைகள் பூவுக்குப் போய்விடுவார்கள்.

கானாடுகாத்தான்:

பழைய சொல் ஒன்று கிடக்கிறது. சாய் என்றால் கோரை. ஐங்குறுநூற்றில் பைஞ்சாய்ப் பாவை வருகிறது, கோரையால் செய்த விளையாட்டுப் பொம்மை. 'சாயினம்' என்று வையுங்கள். உங்கள் பிள்ளைகளின் வயதுப் பெண்கள் கையில் இருந்த சொல் அது.

தேவகோட்டை:

அருமை ஆச்சி. சாய்தலிலிருந்து சாயா, சாயிலிருந்து சாய்தலா என்று பார்க்கவேண்டும். காற்றில் சாய்வதால் வந்த பெயர் என்றே என் மனம் சொல்கிறது.

திருப்பத்தூர்:

சொல் அழகுதான். ஆனால் சாய் என்பது கோரை மட்டும். ஜங்கஸை அதில் எப்படி அடக்குவது? பழைய சிக்கலே திரும்பி வருகிறது. 'புல்லொத்தவை' என்று வையுங்கள். படித்ததும் பொருள் தெரியும், போலி என்ற உறுத்தலும் இல்லை.

காரைக்குடி, ஆசிரியை:

வெள்ளி காலை ஆகிவிட்டது. நேற்றிரவுவரை வந்த தனிமடல்களையும் சேர்த்து 'புல்லொத்தவை' பக்கம் ஐந்து பேர், 'சாயினம்' பக்கம் ஆச்சியும் ஐயாவும். 'புல்லொத்தவை' என்றே அச்சுக்குப் போகிறது. கோரைப் படத்தின் கீழ் 'பழம்பெயர்: சாய்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன், ஆச்சி.

கானாடுகாத்தான்:

அந்த ஒரு வரிக்கு நன்றி. என் கருத்து மாறவில்லை. இன்னொன்றுக்கு ஒத்திருப்பதையே பெயராகத் தந்தால் கோரைக்கென்று என்ன மிஞ்சும்? முத்தக்காசு என்னும் கோரைக்கிழங்கை அரைத்துக் குளித்தவர்கள் அதைப் புல்லோடு ஒப்பிட்டா பெயர் வைத்தார்கள்?

தேவகோட்டை:

அச்சுக்குப் போகுமுன் இதைப் பாருங்கள். 'புல்லொத்தவை' பலவின்பால். ஒரு பிள்ளை ஒற்றைத் தண்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து "இது என்ன டீச்சர்?" என்று கேட்டால், 'புல்லொத்தது' என்பீர்களா, கோரை என்பீர்களா?